பவுனுக்குப் படைத்த மூன்று இலை

எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் எந்த வேலையும் கொடுக்க மாட்டார்கள். உட்கார நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, கையில் காபி. தண்ணீர் மொள்ள எழுந்தால்கூட இரண்டு பேர் ஓடிவந்து செம்பைப் பிடுங்கிக்கொள்வார்கள். இதையெல்லாம் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். நம்பிக்கையில்லாமல்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று புரிவதற்கு எனக்கு ஒரு வருடமும் ஒரு கிழட்டுக் குதிரையும் தேவைப்பட்டன.

அப்போது எனக்கு முப்பது வயது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு உயிரியல் நடத்திக்கொண்டிருந்தேன். (நடத்தினேன் என்பது என் கட்சி. பிள்ளைகளைக் கேட்டால் தூங்கினோம் என்பார்கள்.) மனைவி கவிதாவின் வீடு அகரத்தில். மாமனாருக்கு அங்கே சாமியானா, சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை. அதோடு ஒரு குதிரை. காதுகுத்து, சடங்கு என்று தாய்மாமன் சீர் எங்கே கிளம்பினாலும் மேளத்துக்குப் பின்னால் அந்தக் குதிரைதான் நடக்கும். பெயர் பவுனு. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் காது குத்தின வலியோடு அவள் முதுகில் உட்கார்ந்து அழுதவர்கள்தான்.

நான் மாப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்தபோது பவுனுக்கு இருபத்தாறு வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டுக்குப் பின்னால் புங்கமரத்தடிக் கொட்டகையில் இருந்தாள். முதன்முதலில் அவளைப் பார்த்தபோது உண்மையிலேயே இரண்டடி பின்னால் நகர்ந்தேன். உடம்பு முழுக்க விரல் நீளத்துக்குச் சடைமுடி. முதுகு குழிந்து, வயிறு தொங்கி, ஆறு மாதக் கர்ப்பிணிக் கரடி என்று ஒன்று இருந்தால் இப்படித்தான் இருக்கும்.

"என்ன மாமா, குதிரைக்கு இம்புட்டு முடி?" என்று கேட்டேன்.

"அது சீக்கு மாப்ள" என்றார் மாமா. அதற்கு மேல் சொல்லவில்லை. காபி வந்துவிட்டது.

அந்த மே மாதம் மாமா கடையில் அண்டா இறக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மதுரையில் ஆபரேஷன், இருபது நாள் தங்க வேண்டும் என்றார்கள். மாமியாரும் கவிதாவும் கூடப் போகிறார்கள். எனக்கோ கோடை விடுமுறை. வீட்டில் மிஞ்சியது நானும் பவுனும்.

வேனில் படுத்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்தபடி, மாமா என் கையைப் பிடித்தார். "மாப்ள, பவுனுக்குக் காலையில அரை மாத்திர. மறந்துராதீங்க. புல்ல ஒரு மணி நேரம் தண்ணியில ஊறவச்சு, வடிச்சுட்டுத்தான் போடணும். கொள்ளு, கம்பு, சோளம் எதுவும் ஆகாது. வெல்லம், பழம் வாடையே படக்கூடாது. தினம் குளம்பத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்துச்சுன்னா டாக்டரம்மாவுக்குப் போனப் போட்ருங்க."

சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார்.

"கவலப்படாதீங்க மாமா. நான் உயிரியல் வாத்தியார்" என்றேன்.

அவர் வேனின் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இடுப்பு வலி என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னக் கட்டிக் குடுக்கும்போதுகூட எங்கப்பா இம்புட்டுக் கலங்கல" என்று சொல்லிவிட்டுக் கவிதா வேன் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை கால்நடை டாக்டரம்மா பவுனுவைப் பார்க்க வந்தார். என்னைவிடச் சின்ன வயது. வந்ததும் வராததுமாகக் குனிந்து குளம்பைத் தொட்டார், கணுக்காலுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார். எனக்கும் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். மெல்லிசாகத் துடித்தது.

"இப்படித் துடிச்சா நல்லது. திம்திம்னு அடிச்சா ஆபத்து" என்றார்.

"என்ன நோய் மேடம்?" என்று கேட்டேன்.

"மூளைக்கு அடியில பிட்யூட்டரி சுரப்பி இருக்கில்ல சார். அதைக் கட்டுப்படுத்துற நரம்பு வயசாகித் தேஞ்சுபோச்சு. அதனால சுரப்பி வீங்கி, நிறுத்தச் சொல்ல ஆளில்லாம ஹார்மோனச் சுரந்து தள்ளுது. உதிர வேண்டிய முடி உதிராது. தாகம் அடங்காது. முதுகுச் சதை கரையும். இதெல்லாம்கூடப் பரவால்ல. இனிப்போ மாவோ உள்ள போனா இன்சுலின் ஏறி, குளம்புக்குள்ள வீக்கம் வந்துரும். குளம்பையும் எலும்பையும் ஒட்டிப் பிடிச்சிருக்கிற சவ்வு விட்டுப்போச்சுன்னா குதிரையால நிக்க முடியாது. நிக்க முடியாத குதிரையக் காப்பாத்துறது கஷ்டம்."

கடைசி இரண்டு வாக்கியங்களை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. என் மனசு பிட்யூட்டரியிலேயே நின்றுவிட்டது. ஏழு வருடமாகக் கரும்பலகையில் அவரைவிதை மாதிரி வரைந்து அம்புக்குறி போட்ட சுரப்பி, இதோ நாலு காலும் வாலுமாக என் எதிரில் நின்று மூச்சு விடுகிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மாலையே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். எத்தனை வாளி தண்ணீர் குடிக்கிறாள் என்று எழுதினேன். (எண்ணிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நான் களைத்துவிட்டேன், அவள் களைக்கவில்லை.) தாடை முடியைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தேன். எங்கே வியர்க்கிறது, எங்கே வியர்க்கவில்லை என்று குதிரைப் படம் வரைந்து வண்ணம் தீட்டினேன். கோடை வந்தால் மாமா அவளுக்கு மிஷின் வைத்து முடி வெட்டிவிடுவாராம். நானும் முயன்றேன். முதுகில் ஒரே ஒரு கோடு இழுத்ததும் அவள் நடந்து போய்விட்டாள். அந்த இருபது நாளும் நடுவகிடு எடுத்த குதிரையாகவே இருந்தாள்.

மாத்திரை கொடுப்பது தனிக்கலை. வெள்ளரிப்பிஞ்சைக் குடைந்து உள்ளே அரை மாத்திரையைத் திணித்து நீட்டினால், பவுனு மரியாதையாக வாங்கி, கண்ணை மூடி ரசித்து மென்று, விழுங்கி, கடைசியில் மாத்திரையை மட்டும் என் செருப்பின்மேல் துப்புவாள். மறுபடி குனிந்து எடுப்பேன். மறுபடி வெள்ளரி. அந்த வாயும் நாக்கும் அதை எப்படிப் பிரிக்கின்றன என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் ஒருநாள் டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். தும்மினாள். சட்டையைத் துவைக்கப் போட்டேன்.

புல் சமாச்சாரம் தெருவையே கூட்டிவிட்டது. புல்லில் உள்ள சர்க்கரையைக் கரைத்து எடுக்கத்தான் ஊறவைப்பது. அதை நான் பாத்திரத்தில் அலசி, வடித்து, கொடியில் போட்டேன். "கவிதா வீட்டுக்காரரு புல்லத் துவைச்சுக் காயப் போடுறாரு" என்ற செய்தி தாடிக்கொம்பு வரைக்கும் போயிருந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

உண்மையான தலைவலி செவ்வாய், வெள்ளி. சீர் சுமந்த குதிரை, சாமி ஊர்வலத்திலும் முன்னால் நடந்த குதிரை என்பதால் அந்த இரண்டு நாளும் தெருப் பெண்கள் வெல்லமும் பச்சரிசியும் கொண்டுவந்து ஊட்டிவிட்டு, நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுப் போவது பழைய வழக்கம். மாமா வீட்டில் இருந்தவரைக்கும் ஒரு சத்தம் போட்டு வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். நான் படித்தவன் ஆயிற்றே, சத்தமா போடுவேன்? விளக்கம் சொன்னேன்.

"அத்தை, பவுனுக்கு மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு..." என்று பக்கத்து வீட்டு பாண்டியம்மாவிடம் ஆரம்பித்தேன். அவர் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். கையில் வெல்ல உருண்டை.

"மூளைக்குள்ள பட்டாணியா? யாரு மாப்ள போட்டது?" என்றார் அதிர்ந்துபோய்.

முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். தரையில் குச்சியால் படம் வரைந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி மாப்ள, செத்தோண்டு வெல்லம் ஒண்ணும் செய்யாது" என்று கையை நீட்டினார். பவுனும் கழுத்தை நீட்டினாள். நான் நடுவில் பாய்ந்து வெல்லத்தைப் பிடுங்கி, வேறு வழி தெரியாமல் என் வாயில் போட்டுக்கொண்டேன்.

சுருக்கமாகச் சொன்னால்தான் எடுபடும் என்று முடிவு செய்தேன். ஓர் அட்டையை வெட்டி, பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதிப் பவுனு கழுத்தில் கட்டினேன்: "எனக்குச் சர்க்கரை நோய். தயவுசெய்து இனிப்பு தராதீர்கள்."

அது சர்க்கரை நோயே அல்ல. அது எனக்கும் தெரியும். ஆனால் பிட்யூட்டரியை அட்டையில் எழுதினால் யாருக்குப் புரியும்? குதிரையே பேசுவதுபோல் எழுதிய சாமர்த்தியத்தை நினைத்து அன்று இரண்டு தடவை தனியாகச் சிரித்துக்கொண்டேன். அடப்பாவி, அந்த 'எனக்கு'தான் என்னை ஊரறிய நாறடிக்கப்போகிறது என்று யார் கண்டது!

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பாண்டியம்மா அத்தை வந்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். வெல்லத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். கண் கலங்கிவிட்டது.

"ஒனக்குமா தாயி? எனக்கும் அஞ்சு வருசமா அதேதான். ஒரு வார்த்த சொல்லலையே நீ" என்று பவுனு கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

அன்று முதல் பவுனுக்குத் துணையாகத் தானும் இனிப்பைத் தொடுவதில்லை என்று கருப்பட்டிக் காபியை நிறுத்தினார். தினமும் காலையும் மாலையும் தோட்டத்திலிருந்து நடந்தே புல் சுமந்து வந்தார். ஒரு வாரம் கழித்து ரத்தம் சோதித்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கியிருக்கிறது. இறங்காதா பின்னே? காபியை விட்டு, காலையும் மாலையும் நடந்தால் யாருக்குத்தான் இறங்காது? ஆனால் அத்தை பூ மார்க்கெட்டில் சொன்ன செய்தி வேறு: "எஞ் சர்க்கரைய பவுனு வாங்கிக்கிருச்சு."

மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் ஒன்பது பேர் நிற்கிறார்கள். அதற்கடுத்த நாள் தெருமுனை வரைக்கும். ஆத்தூரிலிருந்து ஒரு குடும்பம், சின்னாளப்பட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் நாலு பேர். மூன்று சுற்று சுற்றுவார்கள். மஞ்சளை நெற்றியில் தடவுவார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பவுனு முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டுவார்கள், சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று விரலால் தொட்டுக் காட்டி. அவள் சில சீட்டுகளைத் தின்றுவிட்டாள். தின்ற சீட்டுக்காரர்களுக்கு உடனே குணமாகும் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது.

நான் மறுத்தேனா? மறுத்தேன். ஒருநாள், சுமார் பத்து நிமிடம். "அப்படியெல்லாம் இல்லைங்க, நோய்னா என்ன தெரியுமா, இன்சுலின்னு ஒண்ணு இருக்கு..." என்று ஆரம்பித்தேன் பாருங்கள், அங்கேதான் கெட்டேன். வகுப்பில் நாற்பது பேர் கொட்டாவி விடும் அதே பாடத்தை இங்கே வெயிலில் நின்று கேட்டார்கள். ஒருவர் சந்தேகம்கூடக் கேட்டார்! ஏழு வருட ஆசிரியப் பணியில் எனக்கு முதல் சந்தேகம். மனுஷன் கரைந்துபோக மாட்டானா? பவுனுக்குப் பக்கத்தில் ஒரு சேர் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் சர்க்கரை அளவை நோட்டில் குறித்துக்கொண்டு, நடங்க, வெள்ளைச் சோற்றைக் குறையுங்க என்று தினமும் இரண்டு வேளை சொற்பொழிவு. யாரும் பவுனுக்கு ஒரு சிட்டிகை இனிப்பும் தரவில்லை. அட்டைக்கு அவ்வளவு மரியாதை. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

பதினேழாம் நாள் மாலை பாண்டியம்மா அத்தை வந்தார். "மாப்ள, மூணு பேருக்கு வேண்டுதல் பலிச்சிருச்சு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. பவுனுக்கு ஒரு படையல் போடட்டா?"

"பவுனுக்குத் தின்ன எதுவும் குடுக்கக் கூடாது அத்தை" என்றேன் கண்டிப்பாக.

"சேச்சே, குடுக்கிறதா? போர்டுலதான் போட்ருக்கே. படையல்தான்."

யோசித்துப் பார்த்தேன். படையல் என்றால் இலையில் வைத்துச் சூடம் காட்டுவது. சாமி பார்க்கும். அப்புறம் எடுத்து நாம் சாப்பிடுவது. எங்கள் வீட்டில் வருடாவருடம் குலசாமிக்கு அப்படித்தான் கிடா வெட்டிப் படைக்கிறோம். சாமி இதுவரைக்கும் ஒரு துண்டு குறைத்ததில்லை.

"அப்ப சரி அத்தை" என்றேன்.

இத்தனைக்கும் நான் முதுகலைப் பட்டதாரி.

வெள்ளிக்கிழமை காலை கவிதா மதுரையிலிருந்து வந்தாள். மாமாவைத் திங்களன்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்குள் வீட்டை ஒழுங்கு பண்ணலாம் என்று முன்னால் வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஆட்டோவில் கூட்டிவந்தேன். எங்கள் தெரு திரும்பும்போதே நெய்யும் ஏலக்காயும் மணந்தது.

"யாரு வீட்ல விசேசம்?" என்றாள்.

"நம்ம வீட்லதான்" என்றேன் பெருமையாக. "உங்கப்பா இல்லாத இருபது நாள்ல நான் என்ன பண்ணிருக்கேன்னு வந்து பாரு."

வந்து பார்த்தாள்.

வாசலில் மூன்று பொங்கல் அடுப்பு. முப்பது பேர். நடுவில் கோலம். கோலத்தின்மேல் மூன்று வாழை இலை, துடைத்துவிட்டது மாதிரி. மூன்றாவது இலையைப் பவுனு இன்னும் நக்கிக்கொண்டிருந்தாள். மூக்கில் ஒரு முந்திரிப் பருப்பு. நடுவகிடும் மாலையுமாக, கண்கள் பாதி மூடி, நான் பார்த்த இருபது நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை.

"அத்தை!" என்று கத்தினேன். "குடுக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல!"

"நாங்க எங்க மாப்ள குடுத்தோம்? படைச்சோம்" என்றார் பாண்டியம்மா. அவர் முகத்திலும் ஈயாடவில்லை. "சூடத்தக் காட்டிக் கண்ண மூடிக் கும்பிட்டோம். தொறந்தா இல்ல. எந்தச் சாமி இப்படித் திங்கும்?"

பின்னாலிருந்து ஒருவர், "முழு மனசா ஏத்துக்கிருச்சு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கவிதா என்னைப் பார்க்கவில்லை. அத்தையிடம் மட்டும் கேட்டாள். "எவ்வளவு வெல்லம் போட்டீங்க?"

"ரெண்டு கிலோ ஆத்தா. கஞ்சத்தனமே பண்ணல."

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "யாரு சார் குடுத்தது?" என்றார்.

"யாரும் குடுக்கல மேடம். படைச்சாங்க" என்றேன். (ஆமாம், நான்தான் சொன்னேன். இன்றைக்கும் கவிதா இந்த வாக்கியத்தை என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள்.)

அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் மருந்தை உள்ளே ஊற்றினார். ஊற்றிக்கொண்டே சொன்னார். "இனிமேதான் ஆபத்து. குளம்புல வீக்கம் வர்றதுக்கு முன்னால நாலு காலையும் ஐஸ்ல வைக்கணும். ரெண்டு மூணு நாள், ஒரு நிமிஷம்கூட எடுக்கக் கூடாது. அப்படியும் வந்துச்சுன்னா என்னால உறுதி சொல்ல முடியாது. உங்க மாமாகிட்ட நீங்களே சொல்லிருங்க."

அப்போதுதான் இருபது நாளுக்கு முன் காதில் வாங்காத வாக்கியம் எனக்கு முழுசாகக் கேட்டது. நிற்க முடியாத குதிரை.

ஐஸுக்கு எங்கே போவது? கத்திரி வெயில். அங்கே நின்ற முப்பது பேரும் கலைந்தார்கள். ஓடிவிட்டார்கள் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எல்லோரும் இன்சுலின் போடுகிறவர்கள் இல்லையா, வீட்டுக்கு வீடு பிரிட்ஜில் ஐஸ் பை இருக்கிறது! மருந்து வைக்கும் குட்டிப் பெட்டிகள், ஐஸ் தட்டுகள், ஒருவர் சர்பத் கடையிலிருந்து பாளமாகவே தூக்கி வந்தார். மாமா கடையிலிருந்து கல்யாணப் பாத்திரங்கள் நாலு எடுத்து, பவுனுவின் ஒவ்வொரு காலையும் ஒன்றில் இறக்கி, ஐஸைக் கொட்டினோம். பாண்டியம்மா அத்தை பாளத்தை உடைத்துக்கொண்டே அழுதார். "நாந்தேன் தாயி, நாந்தேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரா? அட்டை எழுதினது யார்? சேர் போட்டு உட்கார்ந்தது யார்?

முறை வைத்து மாற்றி மாற்றி நின்றோம். என் முறையில் நான் அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கணுக்காலில் இரண்டு விரல் வைத்தபடியே இருந்தேன். நோட்டும் இல்லை, ஸ்கேலும் இல்லை. சனிக்கிழமை மதியம் இடது முன்கால் நாடி திம்திம் என்று அடிக்க ஆரம்பித்தது. பவுனு அந்தக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். பாரத்தைப் பின்னங்காலுக்குத் தள்ளினாள். அப்புறம் தலையை என் தோளில் சாய்த்தாள். மூச்சில் இன்னும் ஏலக்காய் மணந்தது. நான் அழுதேன். முப்பது பேர் பார்க்க, வாத்தியார் என்ற கூச்சமெல்லாம் போய், விக்கி விக்கி அழுதேன்.

மாமாவிடம் சொல்ல வேண்டும். கவிதா வீடியோ போட்டு என் கையில் கொடுத்தாள். "நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். சுரப்பி, இன்சுலின் எதுவும் வரவில்லை. "மாமா, நான் தப்புப் பண்ணிட்டேன். பவுனு பொங்கலத் தின்னுட்டா" என்றுதான் வந்தது.

"எத்தன எல?" என்றார்.

"மூணு மாமா."

"முந்திரி போட்டதா?"

"ஆமா மாமா."

"போன அவ காதுகிட்ட வைங்க."

வைத்தேன். அந்த மனுஷன் இடுப்பில் தையலோடு மதுரையில் படுத்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சா ஆத்தா?" என்று கேட்டார். "ரெண்டு வருசமா ஒனக்கு ஒரு துண்டு வெல்லம் குடுக்க முடியாம மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேன். தின்னுட்டேல்ல. இனி எந்திரிச்சு நிக்கணும். நான் திங்கக்கிழம வாரேன்." பவுனு காதைத் திருப்பினாள்.

எனக்கு அவர் நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஞாயிறு மாலை நாடி தணிந்தது. திங்கள் காலை டாக்டரம்மா நாலு காலையும் பார்த்துவிட்டு, "தப்பிச்சுட்டா சார்" என்றார். "முன்னங்காலுக்கு மட்டும் மெத்தை வச்சுக் கட்டணும். ஒரு மாசம் நடை கொஞ்சம் சாயும்." பாண்டியம்மா அத்தை அவர் காலிலேயே விழப் போனார்.

அன்று மதியம் மாமா வாக்கரை ஊன்றி இறங்கினார். நேரே கொட்டகைக்குப் போனார். அவள் நொண்டிக்கொண்டு வந்தாள், இவர் நொண்டிக்கொண்டு போனார். என்னைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பி வலது கையை மட்டும் நீட்டினார். மாத்திரை டப்பாவைக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு நாற்காலி போடப்பட்டது. காபி வந்தது.

வேண்டுதல்காரர்களிடம் ஆள் ஆளாகப் போய், அது சர்க்கரை நோயே இல்லை, நான் பொய் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். "ஒங்களுக்கு அம்புட்டுத்தான் தெரியும் மாப்ள" என்று பரிதாபமாகப் பார்த்தார்கள். நல்லவேளை, பாண்டியம்மா அத்தை வாசலிலேயே மறித்து, கும்பிடுவதானால் வெறுங்கையோடு கும்பிடு என்று எல்லோரையும் விரட்டிவிட்டார்.

மூன்று வருடம் அந்த டப்பா மாமாவின் பையை விட்டு வெளியே வரவில்லை. விடுமுறை தவறாமல் போனேன். புல் ஊறவைத்தேன், சாணி அள்ளினேன், முடி வெட்டக்கூடக் கற்றுக்கொண்டேன். மாத்திரை நேரத்தில் மட்டும், "மாப்ள, உள்ள போயி உக்காருங்க" என்பார்.

போன வருடம் அவருக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் குனியக் கூடாது, கொட்டகைப் பக்கமே போகக் கூடாது. கவிதா, "நான் லீவு போட்டுப் பாத்துக்கறேன்ப்பா" என்றாள். மாமா பைக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்தார். என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, நீங்களே பாருங்க. ஒண்ணே ஒண்ணுதான். வாசல்ல வந்து யாரு என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிருங்க."

சொன்னேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா? "என்ன சார், குதிரைக்கு இவ்வளவு முடி?" தெரியாது. "ஏன் சார் புல்ல ஊறப்போடுறீங்க?" தெரியாது. நாக்கு பரபரக்கும், கை தானாகக் குச்சியைத் தேடும். ஐந்தாம் நாள் ஒருவர், "சார் என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். பழக்க தோஷம், அதற்கும் தெரியாது என்றுவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் என்னிடம் என்ன கேட்டாலும், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால்கூட, நான் வாய் திறப்பதற்குள் நாலு பக்கமிருந்தும் "அவருக்குத் தெரியாது" என்று கோரஸாகப் பதில் வரும். சின்னாளப்பட்டியில் ஒரு கல்யாணத்தில், முன்பின் தெரியாத ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்கதான அந்தத் தெரியாது வாத்தியார்?" என்றார்.

போன வாரம் டாக்டரம்மா வந்திருந்தார். பவுனுக்கு இப்போது முப்பது வயது. குளம்பைத் தொட்டுப் பார்த்து நிமிர்ந்தவர், "இந்த நோயோட இத்தன வயசுக்கு நிக்கிறாளே, எப்படி சார்?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். எனக்குத் தொண்டை வரைக்கும் முக்கால் மணி நேரப் பாடம் ஏறிவிட்டது. மாமா வேலிப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது மேடம்" என்றேன்.

மாமா மாத்திரை டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, காபி குடிக்க உள்ளே போனார்.